சி.டி. டிரைவ் மக்கர் செய்கிறதா?

வீட்டுக் கருவிகளும் நாமும்



மிக்ஸி, குக்கர், கிரைண்டர் என்று சமையலறையையே சுற்றி வந்துகொண்டிருந்தோம். இந்த இதழில் கூடத்து மேஜைக்கு வருவோம். லேப்டாப்பின் பக்கவாட்டில், பித்தானை அழுத்தினால் நாக்கை நீட்டுவதுபோல ஒரு தட்டு வெளியே வருமே, அந்த சி.டி. டிரைவைப் பற்றித்தான் இன்று பேச்சு. இப்போது வருகிற லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. ஆனால் நம் பல வீடுகளில் பழைய லேப்டாப் இன்னும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, பீரோவுக்குள் பழைய சி.டி.க்கள் இருக்கின்றன!

இரண்டு கடிதங்கள் இதைப் பற்றி வந்திருக்கின்றன. முதல் சகோதரி எழுதுகிறார்: "என் மாமனாருக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். அப்போது கொடுத்த சி.டி.யை இப்போது பார்க்கிற டாக்டர் கேட்கிறார். லேப்டாப்பில் போட்டால் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடியும் சுற்றுகிறது. படம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. கெட்டது சி.டி.யா, லேப்டாப்பா?" இன்னொருவர் இளம் தாய். "என் கல்யாண வீடியோ மூன்று சி.டி.யில் இருக்கிறது. அம்மாவின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது. அம்மா இப்போது இல்லை. என் குழந்தைக்குப் பாட்டியைக் காட்டலாமென்று போட்டேன், ஓடவில்லை. கடையில் கொடுக்கவும் பயமாக இருக்கிறது" என்கிறார்.

இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும்?

"என்னங்க, இந்த சி.டி. ஓட மாட்டேங்குதே!"

"அது பழசாயிடுச்சு. தூக்கிப் போடு."

தூக்கிப் போடாதீர்கள், சகோதரிகளே. ஓடாத சி.டி. எல்லாம் செத்துப்போன சி.டி. அல்ல. பல சமயம் டிரைவின் கண்ணில் தூசி விழுந்திருக்கும். சில சமயம் சி.டி. சரியாக உட்கார்ந்திருக்காது. நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் கோளாறு எங்கே என்று நமக்கே தெரிந்துவிடும்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

சி.டி. முதன்முதலில் 1982-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. டி.வி.டி. 1996-ல் வந்தது. இரண்டுமே 12 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள பிளாஸ்டிக் வட்டுகள்தாம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு புள்ளிகளாகத் தகவல் பதிந்திருக்கிறது. நாம் கோலத்தில் இழுக்கிற சுருள்போல, அந்தப் புள்ளிகள் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி ஒரே கோடாகப் போகின்றன. ஒரு சி.டி.யிலுள்ள சுருளைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகும்!

டிரைவுக்குள் பச்சைப் பயறு அளவில் ஒரு லென்ஸ் இருக்கிறது. அதன் வழியாக லேசர் ஒளி வட்டின் மேல் விழுந்து, திரும்பி வருகிறது. திரும்பி வரும் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் படமும் பாட்டும் உருவாகின்றன. லென்ஸின் மேல் ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு படிந்தாலும், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்ததுபோலத்தான். கண் இருக்கும், பார்வை இருக்காது.

நம் வீடுகளில் இந்தப் பிசுக்குக்குப் பஞ்சமே இல்லை. தாளிப்புப் புகை, சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவர்த்திச் சுருள், குழந்தைக்குப் போடும் பவுடர் எல்லாம் காற்றில் மிதந்து போய் அங்கே படியும். லேப்டாப்பை மெத்தைமேலும் போர்வைமேலும் வைத்துப் பார்ப்பவர்கள் வீட்டில் பஞ்சுத் தூசியும் சேரும்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சி.டி.க்கு ஒரு லேசர், டி.வி.டி.க்கு வேறொரு லேசர். இரண்டின் அலைநீளமும் வேறு. அதனால் ஒன்று வலுவிழந்து போனாலும் மற்றொன்று நன்றாக வேலை செய்யலாம். "பாட்டு சி.டி. ஓடுகிறது, சினிமா டி.வி.டி. மட்டும் ஓடவில்லை" என்று சிலர் சொல்வதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

முதல் பரீட்சை: குற்றவாளி யார்?

எதையும் கழற்றுவதற்கு முன்னால், மூன்று வட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கடையில் வாங்கிய ஒரிஜினல் பாட்டு சி.டி. இரண்டாவது, கடையில் வாங்கிய ஒரிஜினல் டி.வி.டி. மூன்றாவது, ஓடாமல் அடம்பிடிக்கிற உங்கள் வட்டு. முதல் இரண்டிலும் கீறல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டும் ஓடி, உங்கள் வட்டு மட்டும் ஓடவில்லையென்றால் சந்தேகம் வட்டின் மேல். மூன்றுமே ஓடவில்லையென்றால் சந்தேகம் டிரைவின் மேல். சி.டி. ஓடி டி.வி.டி. ஓடவில்லை, அல்லது டி.வி.டி. ஓடி சி.டி. ஓடவில்லை என்றால், லென்ஸில் அழுக்கு அல்லது அந்த ஒரு லேசர் தளர்ந்துவிட்டது.

அதேபோல, உங்கள் வட்டைப் பக்கத்து வீட்டு டிரைவிலோ, தம்பியின் பழைய கம்ப்யூட்டரிலோ போட்டுப் பாருங்கள். வீட்டில் பதிவு செய்த வட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொரு டிரைவ் சமர்த்தாகப் படித்துவிடும். ஆகவே ஒரே இடத்தில் முயன்றுவிட்டு முடிவு கட்ட வேண்டாம்.

ஒரு விதி: ஒரு சமயத்தில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்து பாருங்கள். வட்டைத் துடைத்து, லென்ஸையும் துடைத்து, கம்ப்யூட்டரிலும் கையை வைத்தால், எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் போய்விடும்.

சத்தத்தைக் கேளுங்கள்

பிள்ளை அழுவதைக் கேட்டே பசியா, வயிற்று வலியா என்று கண்டுபிடிக்கிற நமக்கு இது பெரிய காரியமா என்ன?

சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால், டிரைவுக்கு மின்சாரம் போகவில்லை அல்லது உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது.

சுற்றுகிறது, 'டிக் டிக்' என்கிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது என்றால் லென்ஸ் தேடித் தேடிப் பார்க்கிறது, கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதல் கடிதம் எழுதிய சகோதரியின் வீட்டில் நடப்பது இதுதான். லென்ஸ் அழுக்கு, வட்டு அழுக்கு, வட்டு சரியாகப் பதியாமை ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும்.

'கரகர', 'தடதட' என்று சத்தம் வந்தால் உடனே வட்டை வெளியே எடுத்துவிடுங்கள். வட்டில் விரிசல் இருக்கலாம், வளைந்திருக்கலாம், அல்லது மேலே ஒட்டிய காகித லேபிள் பிய்ந்து தொங்கலாம். வட்டு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிறது. விரிசல் விட்டது அந்த வேகத்தில் உடைந்து சிதறினால் டிரைவும் போய்விடும். விரிசல் கண்ட வட்டைத் திரும்பவும் போடவே கூடாது.

வட்டு நன்றாக உட்கார்ந்ததா?

இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். லேப்டாப் டிரைவுகளில் அடிக்கடி நேர்கிற கோளாறு இதுதான். பெரிய கம்ப்யூட்டரின் டிரேயில் வட்டைச் சும்மா வைத்தால் போதும். உள்ளே போனதும் தானே பிடித்துக்கொள்ளும். லேப்டாப்பின் மெல்லிய டிரேயில் அப்படி இல்லை. நடுவில் ஒரு குமிழ் இருக்கிறது. வட்டின் ஓட்டையை அதன்மேல் வைத்து 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும்.

அழுத்துவதிலும் முறை உண்டு. டிரே மெல்லியது, அந்தரத்தில் நிற்கிறது. ஒரு கையை டிரேயின் அடியில் தாங்கக் கொடுத்து, மறு கையின் விரல்களால் ஓட்டையின் ஓரத்தில் மெதுவாக அழுத்துங்கள். பிறகு வட்டை விரலால் இலேசாகச் சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் சரி. வட்டின் ஓரத்தைப் பிடித்து அழுத்தினால் டிரே வளையும், லென்ஸ் மேல் வட்டு உரசும், ஜாக்கிரதை.

டிரே இல்லாமல் வெறும் துவாரத்தில் வட்டை நுழைக்கிற மாதிரி டிரைவுகளும் உண்டு. அவற்றில் 8 சென்டிமீட்டர் சின்ன வட்டுகளைப் போடக் கூடாது, உள்ளே சிக்கிக்கொள்ளும். வீட்டில் நடை பழகும் வயதுக் குழந்தை இருந்தால், துவாரத்தின்மேல் எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். காசும் பிஸ்கட்டும் ஸ்கேல் துண்டும் போவதற்கு அது வாகான இடம்!

வட்டைக் குளிப்பாட்டுவது

பளபளக்கும் பக்கத்தில் விரல் ரேகை, பிசுக்கு, பாயசத் துளி ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய, பழைய, துவைத்த பருத்தித் துணி போதும். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி இன்னும் நல்லது. நடு ஓட்டையிலிருந்து ஓரத்தை நோக்கி நேர்க்கோடாகத் துடையுங்கள். பாத்திரம் தேய்ப்பதுபோல வட்டமாகத் துடைக்காதீர்கள். வட்டமாக விழுகிற கீறல் சுருளின் கூடவே நீண்ட தூரம் போகும்; குறுக்கே விழுகிற கீறலைச் சமாளிக்கிற அளவுக்கு இதை டிரைவ் சமாளிக்காது.

பிசுக்கு போகாவிட்டால் சுத்தமான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, விரலால் மெதுவாகத் தடவிக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, நிழலில் நன்றாக உலரவிட்டுப் போடுங்கள். காகித லேபிள் ஒட்டிய வட்டாக இருந்தால் தண்ணீரில் போட வேண்டாம். ஈரத் துணியால் அடிப்பக்கத்தை மட்டும் துடைத்தால் போதும்.

கீறல் எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். வட்டு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், நடு ஓட்டைக்குப் பக்கத்தில் பலமான கீறல் இருந்தால் டிரைவுக்கு வட்டையே அடையாளம் தெரியாது. படம் பாதி, முக்கால்வாசி ஓடிவிட்டு நிற்கிறதென்றால் வெளி ஓரத்தில் அழுக்கோ கீறலோ இருக்கலாம்.

பலரும் அறியாத ஒன்று: சி.டி.யின் தகவல் அடியில் பளபளக்கும் பக்கத்தில் இல்லை. மேலே பெயர் எழுதுகிறோமே, அந்தப் பூச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அடிப்பக்கத்துச் சிறு கீறல்களை மன்னிக்கலாம். மேல்பக்கம் சுரண்டிப் போனால் தகவலே சுரண்டிப் போய்விட்டது என்று பொருள். சி.டி.யைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைபோல வெளிச்சம் தெரிகிறதா? அந்த இடம் போனதுதான். டி.வி.டி.யில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் மேல்பக்கத்து அபாயம் கொஞ்சம் குறைவு.

பற்பசையைத் தேய், வாழைப்பழத்தைத் தேய், ஃப்ரிஜ்ஜில் வை என்றெல்லாம் சொல்வார்கள். பற்பசை பிளாஸ்டிக்கைத் தேய்த்துச் சன்னமாக்குகிற பொருள். ஒருவேளை ஒரு கீறல் மறையலாம். அதோடு நூறு புதுக் கீறல் விழலாம். வேறு பிரதி இல்லாத ஒரே வட்டின்மேல் இந்தப் பரிசோதனை வேண்டாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம், தின்னர், மண்ணெண்ணெய் மூன்றும் அறவே கூடாது. அசிட்டோன் உள்ள நகப்பூச்சுத் திரவம் பட்டால் வட்டின் பிளாஸ்டிக் மங்கிப் போகும்.

லென்ஸைத் துடைப்பது

ஒரிஜினல் வட்டுகளும் ஓடாவிட்டால் மட்டும் இந்தக் கட்டத்துக்கு வாருங்கள். டிரே உள்ள மெல்லிய டிரைவில் ஒரு சௌகரியம்: லென்ஸும் டிரேயோடு சேர்ந்தே வெளியே வந்துவிடுகிறது. எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

பித்தானை அழுத்தி டிரேயை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். இதைத் தவறாமல் செய்யுங்கள். லேசர் எரியும்போது லென்ஸை உற்றுப் பார்ப்பது கண்ணுக்குக் கெடுதல், அதிலும் சி.டி. லேசரின் ஒளி கண்ணுக்கே தெரியாது.

முதலில் காற்று. கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ப்ளோயர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் குழந்தைக்கு மூக்கு உறிஞ்ச வாங்குகிற ரப்பர் பல்ப், புதியதும் ஈரமில்லாததுமாக இருந்தால் போதும். நாலைந்து தடவை பீய்ச்சுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தெறிக்கும். ஊதிவிட்டு ஒரிஜினல் வட்டைப் போட்டுப் பாருங்கள். ஓடினால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஓடாவிட்டால் காது குடையும் பட்ஸ் ஒன்றை எடுங்கள். செல்போன் ரிப்பேர் கடைகளில் ஐ.பி.ஏ. என்று ஒரு திரவம் வைத்திருப்பார்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்பது முழுப் பெயர். பட்ஸின் நுனியை அதில் தொட்டு, பிழிந்துவிட்டு, ஈரம் மட்டும் இருக்கும்படி செய்து, லென்ஸின் மேல் பூப்போல ஒரு சுற்று. பிறகு காய்ந்த பட்ஸால் ஒரு சுற்று. அவ்வளவுதான். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. குழந்தையின் இமையைத் துடைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் கம்பி வளைந்துவிடும். சொட்டச் சொட்ட நனைக்கவும் கூடாது. திரவம் தீப்பற்றும்; அடுப்பு, விளக்குப் பக்கம் வைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் மூடி வையுங்கள். பத்து நிமிஷம் காயவிட்டு டிரேயை மூடி, லேப்டாப்பைப் போடலாம்.

டிரே வெளியே வரவே மாட்டேன் என்றால்? டிரைவின் முகப்பில் ஊசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை இருக்கும். லேப்டாப்பை முழுக்க நிறுத்திவிட்டு, ஜெம் கிளிப் ஒன்றை நேராக்கி அந்த ஓட்டையில் நேரே மெதுவாக அழுத்துங்கள். டிரே கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் இழுத்துவிடலாம். வட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

கோளாறு கம்ப்யூட்டரின் பக்கமா?

டிரைவ் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தும் கம்ப்யூட்டர் அதை மறந்துவிடுவதுண்டு. 'திஸ் பி.சி.'யைத் திறந்து பாருங்கள். டி.வி.டி. டிரைவ் என்ற படமே அங்கு இல்லையென்றால், 'டிவைஸ் மேனேஜர்' என்ற பகுதியில் டி.வி.டி./சி.டி.-ராம் டிரைவ்ஸ் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அந்த டிரைவின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுத்துவிட்டு, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பயப்படாதீர்கள், திரும்ப ஆரம்பிக்கும்போது விண்டோஸ் தானாகவே டிரைவைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். அப்படியும் முக்கோணம் போகவில்லையென்றால், முன்பு போட்ட சி.டி. எழுதும் புரோகிராம்கள் விட்டுப்போன மிச்சம் குழப்பம் செய்யலாம். தெரிந்த மெக்கானிக்கிடம் "அப்பர் ஃபில்டர்ஸ், லோயர் ஃபில்டர்ஸ் பாருங்கள்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

அந்த வரியே அங்கு இல்லையென்றால் இணைப்பு கழன்றிருக்கலாம் அல்லது டிரைவே போயிருக்கலாம்.

இன்னொரு ஏமாற்றம் உண்டு. வட்டுக்குள் ஃபைல்கள் வரிசையாகத் தெரிகின்றன, ஆனால் சினிமா மட்டும் ஓடவில்லை. இது டிரைவின் குற்றமே அல்ல! 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து, டி.வி.டி. படம் காட்டும் வசதியைக் கூடவே கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வி.எல்.சி. என்ற இலவசப் பிளேயரைப் போட்டுக்கொண்டால் படம் ஓடும். நம் கல்யாண வி.சி.டி.க்களையும் அது ஓட்டும்.

ஓடியதும் முதல் காரியம்

ஒருவழியாக வட்டு ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே எல்லோரையும் கூப்பிட்டு உட்கார்ந்து பார்க்கத் தோன்றும். ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். தளர்ந்த டிரைவும் வயதான வட்டும் அடுத்த தடவை ஒத்துழைக்கும் என்று என்ன நிச்சயம்? முதலில் காப்பி, அப்புறம் சினிமா.

வட்டிலுள்ளதை முழுவதுமாக, ஒன்று விடாமல், புதிதாக ஒரு ஃபோல்டரில் எடுத்துப் போடுங்கள். வி.சி.டி.யில் படம் 'எம்பெக் ஏ.வி.' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும்; டி.வி.டி.யில் 'வீடியோ டி.எஸ்.' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். நடுவில் ஒரு ஃபைல் தகராறு செய்தால் 'ஸ்கிப்' கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். விட்டுப்போனதை வேறொரு டிரைவில் முயலலாம்.

ஒரு சி.டி. 700 எம்.பி., சாதாரண டி.வி.டி. 4.7 ஜி.பி. வரை கொள்ளும். 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் நிறைந்த டி.வி.டி. ஆறு, அல்லது சி.டி. நாற்பது அடங்கும். ஆனால் பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, அக்கா அல்லது தம்பி வீட்டில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கட்டும். காப்பி எடுத்த பிறகு அதைத் திறந்து ஓட்டிப் பார்த்துச் சரியென்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி சி.டி.க்குத் தனிக் கவனம் வேண்டும். ஆஞ்சியோகிராம், சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. படங்கள் 'டைகாம்' என்ற தனி வகையில் பதிவாகின்றன. அதைக் காட்டுகிற சின்ன புரோகிராமையும் பெரும்பாலும் கூடவே வைத்திருப்பார்கள். ஆகவே ஃபோட்டோ மாதிரி தெரிகிற சிலவற்றை மட்டும் எடுக்காமல், மொத்த வட்டையும் அப்படியே காப்பி எடுங்கள். எதற்கும் வழி இல்லையென்றால் படமெடுத்த ஆஸ்பத்திரியில், நோயாளியின் பதிவு எண்ணையும் எடுத்த தேதியையும் சொல்லி, மறு பிரதி கிடைக்குமா என்று கேளுங்கள். இன்னொன்று: சி.டி. ஓடவில்லையே என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் காகித ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு குறித்த நாளில் போய்விடுங்கள். அவற்றைப் பார்த்து மேலே என்ன வேண்டுமென்று அவர் சொல்வார். சி.டி. பின்னால் போய்ச் சேரட்டும்.

டிரைவே போய்விட்டால்?

எல்லாம் செய்தும் ஒரிஜினல் வட்டும் ஓடவில்லையென்றால் லேசருக்கு வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அதற்காக லேப்டாப்பையே மாற்ற வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது.

சுலபமான வழி, யு.எஸ்.பி.யில் செருகுகிற வெளி டிரைவ். டிரைவே இல்லாத புது லேப்டாப்புக்கும் இது உதவும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, முறைவைத்து எல்லோர் வீட்டு வட்டுகளையும் காப்பி எடுத்துக்கொள்ளலாமே! வாங்கியபின் லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள். பல துளை உள்ள ஹப் மூலம் செருகினால் மின்சாரம் போதாமல் வட்டு சுற்றத் தொடங்கிப் பாதியில் நிற்கும். சில டிரைவுகளுக்கு இரண்டு முனை உள்ள ஒயர் தருவார்கள். இரண்டையும் செருக வேண்டும்.

மற்றது, உள்ளே இருக்கும் டிரைவையே மாற்றுவது. பல லேப்டாப்புகளில் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் டிரைவ் இழுப்பறைபோல வெளியே வந்துவிடும். புதிது வாங்கும்போது கனம் பார்க்க வேண்டும். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு சாதாரணமாகக் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது உத்தமம்.

கடையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதிய சகோதரியின் பயம் நியாயமானதே. உங்கள் வட்டைக் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் பாட்டு சி.டி. ஒன்றைக் கொடுத்து "இது ஓடினால் போதும்" என்று சொல்லுங்கள். முடிந்தால் டிரைவை மட்டும் கழற்றிக் கொடுங்கள். லேப்டாப்பிலுள்ள குழந்தை ஃபோட்டோக்களும் பாங்க் விவரங்களும் வீட்டிலேயே இருக்கும். காப்பி எடுக்கக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், வீட்டு மனிதர் ஒருவர் கூட இருந்து கையோடு வாங்கி வரட்டும்.

வாசகிகள் கேட்டவை

ஹாண்டிகேமில் எடுத்த சின்ன டி.வி.டி. கேமராவில் ஓடுகிறது, லேப்டாப்பில் ஓடவில்லை. ஏன்?

'ஃபைனலைஸ்' என்ற கடைசி வேலையைச் செய்யாமல் விட்டிருப்பார்கள். கேமரா வேலை செய்தால் அதன் மெனுவிலேயே செய்துவிடலாம். கேமரா இல்லையென்றால் ஐஸோபஸ்டர் போன்ற புரோகிராம் வைத்திருக்கும் கடையில் எடுத்துத் தருவார்கள்.

அமெரிக்காவிலிருந்து தங்கை கொண்டுவந்த டி.வி.டி. படம் ஓடவில்லையே?

சினிமா டி.வி.டி.க்களுக்குத் தேச எண் உண்டு. அமெரிக்கா 1, இந்தியா 5. டிரைவின் எண்ணை மாற்றலாம். ஆனால் மொத்தம் ஐந்து தடவைதான். அதற்குமேல் கடைசியாக வைத்த எண்ணிலேயே நின்றுவிடும். விளையாட்டாக மாற்றாதீர்கள்.

புளூ-ரே வட்டு ஏன் ஓடவில்லை?

அதற்கு நீலஊதா லேசர் வேண்டும். சி.டி., டி.வி.டி. டிரைவில் அது இல்லை. எவ்வளவு துடைத்தாலும் ஓடாது.

வட்டு மேல் எதனால் எழுதலாம்?

பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தம் தகவல் வரை போகும். சி.டி. மார்க்கர் என்று கேட்டு வாங்கி, மிருதுவாக எழுதுங்கள்.

வட்டுகளைப் பத்திரப்படுத்த

வீட்டில் பதிவு செய்த வட்டில் ஒருவகைச் சாயத்தின்மேல் தகவல் எழுதப்படுகிறது. வெயிலும் சூடும் பட்டால் சாயம் மங்கும். ஜன்னலோரம், ஃப்ரிஜ்ஜின் தலை, டி.வி.யின் மேல், காரின் முன்பக்கம் ஆகிய இடங்கள் ஆகாது. இருட்டான, ஈரமில்லாத பீரோத் தட்டில், ஒவ்வொன்றையும் அதனதன் பெட்டியில் நிற்க வைத்து அடுக்குங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி ரப்பர் பாண்டு போட வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் உறை மழைக்காலத்தில் வட்டோடு ஒட்டிக்கொள்ளும். புதுச் செருப்பு, கைப்பையோடு வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் இங்கே போட்டு வைக்கலாம். குழந்தை எடுத்து வாயில் போடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2001-ல் மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் ஒரு சி.டி.யைக் காளான் தின்றுவிட்டதாக விஞ்ஞானிகள் கண்டார்கள். அதுவும் வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்தான். நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

டிரைவையும் சும்மா வைத்திருக்காதீர்கள். மாதம் ஒரு தடவை ஒரு பாட்டு சி.டி.யைப் போட்டு ஓடவிடுங்கள். கோளாறு இருந்தால் முன்னாலேயே தெரிந்துவிடும்.

பால்கனியில் புறா விரட்டப் பழைய சி.டி.க்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறோமே, தொங்கவிடுமுன் ஒவ்வொன்றையும் ஒரு தடவை டிரைவில் போட்டுப் பாருங்கள். பெயர் எழுதாத ஒரு வட்டில்தான் உங்கள் மகனின் தொட்டில் போட்ட விழா இருக்கும்!

அடுத்த இதழில்: கிரைண்டர் கல் ஏன் வழுக்குகிறது? பெல்ட்டை நாமே மாற்றுவது எப்படி?